ஒரு வரிப் பாட்டுக்கு ஒரு கூடை மஃப்ளர்

லெசாக் பள்ளத்தாக்கில் எதையாவது தொலைத்தவர்கள் அதைத் தேடி அலைய மாட்டார்கள். மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்துக் கம்பத்தைப் போய்ப் பார்ப்பார்கள். ஒற்றைக் கையுறை, குழந்தையின் குல்லாய், மஃப்ளர், எதுவானாலும் கண்டெடுத்தவர் கண்ணில் படும் உயரத்தில் கட்டிவிட்டுப் போயிருப்பார். தொலைத்தவர் அவிழ்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஒருமுறை பொய்ப்பல் செட் ஒன்று கைக்குட்டையில் முடிந்து கட்டப்பட்டிருந்தது. மறுநாள் அது கம்பத்தில் இல்லை. அன்று மாலை மதுக்கடையில் மாவு ஆலைக்காரர் பன்றி வறுவலை மொறுமொறுவென்று மென்றுகொண்டிருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த ஏற்பாட்டைக் கட்டிக் காப்பவர் லென்ஸ் கோக்லர். மஞ்சள் தபால் பஸ்ஸின் டிரைவர். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் கம்பத்தில் தொங்கும் பொருளை அவிழ்த்துக் கடைசி நிறுத்தத்து அலுவலகத்தில் ஒப்படைப்பார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. அடுத்தவர் பொருள் காற்றில் ஆடுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். இந்த நல்ல பழக்கம்தான் வியன்னாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலைத் தலைகீழாகக் கவிழ்த்தது.

லென்ஸ், டிராவ்டி தம்பதியின் ஒரே மகள் லேனி வியன்னாவில் கிளாசிஸ் இசைநாடக மாளிகையின் கூட்டுப்பாட்டுக் குழுவில் இருந்தாள். சேர்ந்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. ஒரு நாடகத்தில் மீன்காரிகளில் ஒருத்தி, இன்னொன்றில் கன்னியாஸ்திரீகளில் ஒருத்தி, வேறொன்றில் தீப்பற்றிய ஊரிலிருந்து ஓடும் ஜனங்களில் ஒருத்தி. எப்போதும் பின்வரிசைதான். எப்போதும் கும்பலோடு கோவிந்தாதான்.

"அவ தனியா வாயத் திறக்கற வரைக்கும் இதை நான் நிறுத்தப் போறதில்ல" என்று சொல்லி, முதல் குளிர்காலத்தில் டிராவ்டி கடுகு மஞ்சள் நிறக் கம்பளி நூலில் லென்ஸுக்கு ஒரு மஃப்ளர் பின்ன ஆரம்பித்தார். லேனி வாயைத் திறக்கவில்லை. மஃப்ளர் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து நீண்டுகொண்டே போனது. லென்ஸ் அதைக் கழுத்தில் பல சுற்றுச் சுற்றி, மிச்சத்தை இரண்டு கோட்டுப் பைகளிலும் அடைத்துக்கொண்டு பஸ் ஓட்டினார்.

பிப்ரவரியில் ஒருநாள் போன் வந்தது.

"அப்பா, எனக்குத் தனியா ஒரு வரி குடுத்திருக்காங்க!"

"என்ன வரி?"

"ரெண்டாவது அங்கம் ஆரம்பிச்ச உடனே நான் உள்ள வந்து, 'வண்டி தயார், சீமாட்டி'ன்னு பாடணும்."

"என்ன வண்டி?"

"குதிரை வண்டிப்பா."

"நேரத்துக்கு வந்துச்சா?"

"வந்துச்சுப்பா!"

"அப்ப சரி" என்றார் லென்ஸ். ஆனால் ரிசீவரை வைத்த பிறகும் கையை அதன் மேலிருந்து எடுக்காமல் வெகுநேரம் நின்றார். டிராவ்டி ஊசியைக் கீழே வைத்தார். மறுநாளே பாதிரியார் பூசையில் அறிவித்துவிட்டார். பள்ளத்தாக்கு முழுவதும் "வண்டி தயார்" என்று பாடிக்கொண்டு திரிந்தது.

குளிர்கால விடுமுறையில் பள்ளிக்கூடம் மூடி, பஸ்ஸில் கூட்டம் குறைந்திருந்ததால் லென்ஸுக்கு லீவு சுலபமாகக் கிடைத்தது. ஞாயிறு பிற்பகல் நாடகம். வெள்ளிக்கிழமையே போய் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. லேனிக்கு ஒத்திகை. கணவனும் மனைவியும் தனியாகத்தான் சுற்றினார்கள்.

வியன்னாவில் கோட்டைக் கழற்றாமல் எதையும் பார்க்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அரண்மனையில் கழற்றிக் கொடுத்தார்கள். அருங்காட்சியகத்தில் கழற்றிக் கொடுத்தார்கள். ராஜ குடும்பத்துக் கல்லறை மண்டபத்தின் வாசலில் லென்ஸ் தானாகவே பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்து, இங்கே வேண்டாம் என்று காவலாளி சொன்னதும் நிம்மதியானார்.

"நல்லவேளை. உள்ள படுத்திருக்கறவங்களே இரும்புல போத்திக்கிட்டிருக்காங்க" என்றார்.

அரண்மனையில் வழிகாட்டி ஓர் எழுது மேஜையைக் காட்டினான். "சக்கரவர்த்தி இருட்டு விலகறதுக்கு முன்னாடியே இங்க வந்து உக்காந்து, ராத்திரி வரைக்கும் கையெழுத்துப் போடுவாரு."

"எதுல?" என்றார் லென்ஸ்.

"எல்லாத்துலயும்."

"அவ்வளவு போட்டும் ராஜ்யம் போயிடுச்சா?"

"அதுக்கும் ஒருத்தர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போச்சு" என்றான் வழிகாட்டி பெருமையாக.

ராட்சச ராட்டினமும் லென்ஸுக்குத் திருப்தி தரவில்லை. "இவ்வளவு நேரம் ஓட்டிட்டு, ஏறின இடத்துலயே இறக்கிவிடறான்" என்று பஸ் டிரைவராக அபிப்பிராயம் சொன்னார்.

சனிக்கிழமை ஒரு பழைய காபிக் கடைக்குப் போனார்கள். கறுப்புக் கோட்டும் கழுத்து டையுமாக, இழவு வீட்டுக்குப் புறப்பட்ட மந்திரி மாதிரி தலைமைப் பரிசாரகர் வந்து நின்றார். பெயர் நெபோமுக்.

"டைரக்டர் ஐயாவுக்கு என்ன கொண்டு வரட்டும்?"

"நான் டைரக்டர் இல்லைங்க. பஸ் டிரைவர்."

நெபோமுக் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, சத்தமாச் சொல்லாதீங்க. இந்த மேஜைல டைரக்டருக்குக் கீழ யாரும் உக்காந்ததில்ல. நீங்க டிரைவராத்தான் இருப்பேன்னா, கழிவறைப் பக்கத்துல ஒரு மேஜை இருக்கு. ஆனா அதுக்கும் குறைஞ்சது இன்ஸ்பெக்டரா இருக்கணும்."

"பேசாம டைரக்டராவே இரு, லென்ஸ்" என்றார் டிராவ்டி. "கேக் வருது பாரு."

டைரக்டர் கோக்லர் கேக் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உட்காரும் இடங்கள் எல்லாம் எப்போதோ விற்றுப்போயிருந்தன. "நிக்கற இடம் கிடைக்கும். மேடை நல்லாத் தெரியும். நேரத்தோட வந்துடுங்க" என்று லேனி சொல்லியிருந்தாள். நேரத்தோடு வருவது பற்றி லென்ஸுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைவார் என்று டிராவ்டிக்குத் தெரியும். ஆனால் டிராவ்டிக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே பெண்கள் வரிசை மாடிப்படி வரை வளைந்திருந்தது. அதற்குள் எப்படியும் முப்பது பேர் முன்னால் போய்விட்டார்கள். டிராவ்டி பின்னால் வரட்டும் என்று லென்ஸ் தனியாகக் கிளம்பினார்.

லென்ஸ் மஃப்ளரின் மிச்சத்தைச் சட்டைப் பைகளுக்கு மாற்றிக்கொண்டதும், கோட்டு வாங்கி வைக்கும் பொஸ்பிஷில் அம்மாள் அவர் கோட்டை வாங்கிக்கொண்டு கழுத்தைப் பார்த்தார். "இதையும் குடுக்கறீங்களா?"

"வேண்டாம். இது இல்லாம நான் உள்ள போனா என் பொண்டாட்டி என்னை வெளிய விட மாட்டா."

"கழுத்துல இருந்தா அது உடுப்பு. எனக்குச் சம்பந்தமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் குறுக்கெழுத்துப் போட்டிக்குத் திரும்பினார்.

நிற்கும் பகுதி அரங்கின் பின்புறம், படிப்படியாக உயர்ந்து இருந்தது. ஒவ்வொரு படிக்கும் சாய்ந்துகொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி. லென்ஸ் உள்ளே போனபோது அங்கே ஈ, காக்கை இல்லை. ஆனால் கம்பி முழுக்க மஃப்ளர்கள். சிவப்பு, பச்சை, கட்டம் போட்டது, புழுக்கடித்தது, பட்டு, கம்பளி. எல்லாம் வரிசையாக, கண்ணில் படும் உயரத்தில், ஒழுங்காகக் கட்டியிருந்தன.

லென்ஸுக்குச் சொந்த ஊருக்கே வந்துவிட்டது போலிருந்தது. இந்தப் பெரிய ஊரில் இரண்டு நாளாக அவருக்குப் புரிந்த முதல் விஷயம் இதுதான். நேற்று நாடகம் பார்க்க வந்தவர்கள் பாட்டில் மயங்கி மஃப்ளரை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எவரோ ஒரு நல்ல மனிதர் எல்லாவற்றையும் எடுத்து முறைப்படி கட்டி வைத்திருக்கிறார். இத்தனை பேரா மறப்பார்கள் என்றுதான் கொஞ்சம் கவலையாக இருந்தது. நகரத்து ஜனங்களுக்கு மூளைக்கு ஓய்வே இல்லை, பாவம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. யாரும் வந்து கேட்கவில்லை. லென்ஸ் தன் கடமையைச் செய்தார். பொஸ்பிஷில் அம்மாளிடம் ஒரு கூடை வாங்கி வந்து, ஒவ்வொரு முடிச்சாகப் பொறுமையாக அவிழ்த்து, ஒவ்வொன்றையும் நீவி மடித்துக் கூடையில் வைத்தார். மாடிப்படிக்கு அடியில் 'கண்டெடுத்த பொருள் பிரிவு' என்று பலகை தொங்கிய அறைக் கதவைத் தட்டினார்.

பிரிவின் தலைவர், மகிஸ்டர் பட்டம் பெற்ற வுர்ம்பெக், ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அலமாரி. அதில் ஓர் ஒற்றைக் கையுறையும், குடை இல்லாத குடைப்பிடி ஒன்றும் இருந்தன.

"இதெல்லாம் கிடைச்சது" என்று லென்ஸ் கூடையை மேஜைமேல் வைத்தார்.

வுர்ம்பெக் கத்தியைக் கீழே போட்டார். "எல்லாமேவா? இன்னைக்கேவா?"

"கம்பில கட்டியிருந்துச்சு."

"உக்காருங்க. கையக் குடுங்க. ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா கடவுள்தான் உங்கள அனுப்பியிருக்காரு." வுர்ம்பெக்கின் கண்கள் பளபளத்தன. "வசந்தத்தோட இந்தப் பிரிவை மூடறதா இருந்தாங்க. என்னத்துக்கு இந்தப் பிரிவுன்னு நிர்வாகம் கேக்குது. போன சீசன் பூரா வந்தது ரெண்டு குடை. அதுல ஒண்ணு என்னுது. பிரிவுக்கு வேலை இருக்குன்னு காட்ட நானே தொலைச்சேன். நானே கண்டுபிடிச்சேன். ஆனா திருப்பி வாங்கிக்க முடியல, ஏன்னா அது என்னோடதுதான்னு எனக்கு நானே நிரூபிக்க முடியல."

அவர் மஃப்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, முத்திரைச் சீட்டு ஒட்டி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல அலமாரியில் வைத்தார். லென்ஸ் நல்ல காரியம் செய்த நிறைவோடு வெளியே வந்தார்.

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே வந்தது. எல்லோர் வாயிலும் கடுகு விழுது, எல்லோர் கையிலும் தொத்திறைச்சி சுற்றிய காகிதம். மூலைக் கடையில் சாப்பிட்டுவிட்டு வந்த அவர்கள் நிற்கும் பகுதிக்குள் நுழைந்தார்கள். சிரிப்பு நின்றது. பிறகு ஓர் அலறல் கேட்டது.

வியன்னாவில் நின்றுகொண்டு நாடகம் பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. தலைவர் அரசவை ஆலோசகர் டாக்டர் ஸ்வெட்லர். சக்கரவர்த்தி போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த ஊரில் அரசவை ஆலோசகர்களுக்குக் குறைவில்லை. நெடிய உருவம், வெள்ளை மீசை, மீசையில் ஒரு சொட்டுக் கடுகு.

"யாரு செஞ்சது?" என்றார் ஸ்வெட்லர்.

"நான்தான்" என்றார் லென்ஸ், நன்றி சொல்லப் போகிறார்கள் என்ற நினைப்பில். "எல்லாம் பத்திரமா இருக்கு. மாடிப்படிக்குக் கீழ குடுத்துட்டேன்."

கூட்டத்தில் ஒரு பெண்மணி மயங்கி விழப் பார்த்தார். ஆனால் உட்கார்ந்தால் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்பதால் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஐயா, அது தொலைஞ்ச மஃப்ளர் இல்ல! அது இடம்!" என்று ஸ்வெட்லர் கத்தினார். "மஃப்ளரக் கட்டினா அந்த இடம் கட்டினவருக்கு. கட்டிட்டு எங்க வேணும்னாலும் போகலாம். மஃப்ளர் எவ்வளவு தூரம் போகுதோ, அவ்வளவு தூரம் அவர் இடம். இந்த நகரமே அதுலதான் நிக்குது!"

அதற்குள் டிராவ்டி கழிவறையிலிருந்து வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "லென்ஸ்! உன்னை ரெண்டு நிமிஷம் தனியா விட்டா ஊரையே அவிழ்த்துடுவியா?"

எல்லோரும் வுர்ம்பெக்கின் அறைக்கு ஓடினார்கள். வுர்ம்பெக் அலமாரிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார்.

"தாராளமாத் தரேன். தொலைச்சேன்னு ஒத்துக்கங்க. எங்க தொலைச்சீங்க, எப்படித் தொலைச்சீங்கன்னு சொல்லுங்க. உங்க பொருள் உங்களுக்கு."

"நாங்க தொலைக்கல! வேணும்னேதான் கட்டினோம்" என்றார் ஸ்வெட்லர்.

"வேணும்னே கட்டினீங்களா? கம்பில துணி கட்டறது தீத்தடுப்பு விதிப்படி குத்தம். அப்படின்னா உங்க எல்லாருக்கும் இன்னும் ஒரு சீசன் உள்ள நுழைய அனுமதி கிடையாது. குத்தமா, தொலைஞ்சதா? நீங்களே சொல்லுங்க."

ஸ்வெட்லர் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க சங்கத்துல யாரும் எதையும் தொலைச்சதில்ல."

"அப்ப நானும் எதையும் கண்டெடுக்கல. கண்டெடுக்காத பொருளை எப்படித் திருப்பித் தர்றது?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் வுர்ம்பெக். உள்ளேயிருந்து விசில் சத்தம் கேட்டது.

முதல் மணி அடித்தது. டிராவ்டி சங்கத்தார் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, கம்பி காலியாத்தானே கிடக்கு? எல்லார் கைலயும் டிக்கெட் இருக்கு. உள்ள போய் நின்னாத்தான் என்ன?"

"மஃப்ளர் இல்லாமலா?" என்று முப்பது தொண்டைகள் ஒன்றாகக் கேட்டன. ஒரு மருந்துக்கடைக்காரர் கையைப் பிசைந்தார். "யார் இடம் எதுன்னு எப்படித் தெரியும்? நான் தெரியாம ஆலோசகர் இடத்துல நின்னுட்டா, அப்புறம் நான் எந்த முகத்தோட மருந்து விக்கறது?"

ஒருவரும் உள்ளே போகவில்லை. லென்ஸையும் போக விடவில்லை. கதவு மூடியது. முதல் அங்கம் தொடங்கியது. அரங்கின் மிக நல்ல நிற்கும் இடம் முழுவதும் காலியாகக் கிடக்க, அதற்கு டிக்கெட் வாங்கிய அத்தனை பேரும் நடைக்கூடத்தில் நின்றார்கள்.

மாடிப்படியில் சங்கத்தின் மரியாதை மன்றம் கூடியது. ஸ்வெட்லர் ஒரு படி ஏறி நின்று பேசினார்.

"காசு இருந்தா எவனும் உக்காரலாம். உக்கார என்ன தகுதி வேணும்? பின்பக்கம் ஒண்ணு இருந்தாப் போதும். நிக்கறதுக்குக் காதும் காலும் வேணும். நாப்பது வருஷமா நிக்கறேன். எத்தனையோ பாடகர்கள் வந்தாங்க, போனாங்க. ஒருத்தர் பாடினதும் எனக்குப் பிடிச்சதில்ல. ஆனாலும் நின்னேன்! என் கல்யாணத்தன்னைக்கு அவ சர்ச்சுல நின்னா. நான் இங்க நின்னேன். அன்னைக்கு மூணாவது அங்கத்த என்னால விட முடியல."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் டிராவ்டி.

"தெரியல. அதுக்கப்புறம் நாங்க பேசிக்கல." ஸ்வெட்லர் லென்ஸின் பக்கம் திரும்பினார். "குற்றஞ்சாட்டப்பட்டவர் பட்டம் என்ன?"

"பட்டமா? நான் டிரைவருங்க."

கூட்டம் முணுமுணுத்தது. ஒரு டிரைவரை மரியாதை மன்றம் விசாரிக்கலாமா என்று பல் டாக்டர் ஒருவர் சந்தேகம் எழுப்பினார். டிரைவருக்கு மரியாதை இருந்தால்தானே மன்றம் அதைப் பறிக்க முடியும் என்பது அவர் வாதம்.

"டைரக்டர்" என்றார் டிராவ்டி குறுக்கே. "நேத்து காபிக் கடைல அப்படித்தான் கூப்பிட்டாங்க."

"யாரு கூப்பிட்டா?"

"நெபோமுக்னு ஒருத்தர்."

ஸ்வெட்லரின் முகம் மாறியது. "நெபோமுக்கா? அப்படின்னா சரியாத்தான் இருக்கும். அவர் சொன்னா அமைச்சரகம்கூட மாத்தாது." சற்றுத் தயங்கிக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் அவர்தான் குடுத்தாரு. முதல்ல சும்மா டாக்டராத்தான் இருந்தேன். டாக்டரும் அவர் குடுத்ததுதான்."

விசாரணை மரியாதையாகத் தொடர்ந்தது. இப்போது லென்ஸை 'டைரக்டர் ஐயா' என்று அழைத்துத் திட்டினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் பிடில்கள் ஏறி இறங்கின, யாரோ காதலித்தார்கள், யாரோ சபித்தார்கள், கைதட்டல் எழுந்தது. இடைவேளை வந்தது. உட்கார்பவர்கள் மதுக்கோப்பையோடு வெளியே வந்து, நிற்பவர்கள் நிற்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

"என் பொண்ணு ரெண்டாவது அங்கத்துல பாடறா. ஆரம்பிச்ச உடனே. ஒரே ஒரு வரி. அதைக் கேட்டுட்டு வந்துடறேன், அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் திட்டுங்க" என்று லென்ஸ் கெஞ்சினார்.

"எந்த வரி?"

"'வண்டி தயார், சீமாட்டி.'"

"ஓ, அதுவா?" ஸ்வெட்லர் கையை வீசினார். "அதை நாப்பது வருஷமா நான் கேட்டதே இல்ல. அப்பதான் எல்லாரும் இருமுவோம். விசாரணை இரண்டாம் அங்கத்திலும் தொடரும். டைரக்டர் ஐயா நகரக் கூடாது."

மணி அடித்தது. இடைவேளை முடிவதற்கான முதல் மணி.

டிராவ்டி மூன்று குளிர்காலமாகப் பொறுத்தவர். மீன்காரியைப் பொறுத்தார், கன்னியாஸ்திரீயைப் பொறுத்தார், தீப்பற்றிய ஊரையும் பொறுத்தார். இதற்கு மேல் முடியவில்லை. கணவனைப் பார்த்தார். அவர் கழுத்தைப் பார்த்தார். அதில் கடுகு நிறத்தில் பல சுற்று.

"ஆலோசகர் ஐயா, ஒரு சந்தேகம்" என்றார் டிராவ்டி இனிமையாக. "இடம் யாருக்கு?"

"மஃப்ளரக் கட்டினவருக்கு."

"எவ்வளவு தூரம்?"

"மஃப்ளர் போற தூரம். அதுதான் விதி. யாரும் மாத்த முடியாது, நான்கூட மாத்த முடியாது."

"இந்தக் கட்டடத்துல இப்ப மஃப்ளர் வெச்சிருக்கறது எத்தனை பேரு?"

முப்பது பேர் லென்ஸின் கழுத்தைப் பார்த்தார்கள். ஸ்வெட்லரின் மீசையிலிருந்து அந்தக் கடுகுச் சொட்டு கீழே விழுந்தது.

டிராவ்டி ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். லென்ஸ் பம்பரம் மாதிரி சுழன்றார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, சட்டைப் பைகளிலிருந்து மிச்சம். திறந்த கதவு வழியாக டிராவ்டி உள்ளே நடந்து, முன்வரிசைக் கம்பியின் ஒரு கோடியில் நுனியைக் கட்டினார். கம்பியோரமாகவே நடந்தார். மஃப்ளர் பின்னாலேயே வந்தது. நடு இடத்தைத் தாண்டியது. ஆலோசகரின் நாற்பது வருஷ இடத்தைத் தாண்டியது. மறு கோடிக்குப் போய், வளைந்து, இரண்டாம் வரிசைக் கம்பிக்கு ஏறி அதன் பாதிவரை போய்த்தான் தீர்ந்தது. டிராவ்டி அங்கே ஒரு முடிச்சுப் போட்டார்.

"எங்க இடம்" என்றார்.

வாசலில் சங்கத்தார் குழந்தைகள் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அளக்க ஏதுமில்லை, வாதாடவும் ஏதுமில்லை. இரண்டாவது மணி அடித்தது.

"கோக்லர் அம்மா" என்றார் ஸ்வெட்லர், வேறு யாருடைய குரலிலோ. "கொஞ்சம் ஓரமா... விருந்தாளியா..."

"முடியாது. இவ்வளவு நேரம் வெளிய நின்னீங்கல்ல, இன்னும் நில்லுங்க. நிக்கறதுலதான் நீங்க கெட்டிக்காரங்களாச்சே."

"டிராவ்டி" என்றார் லென்ஸ். "நிறுத்தத்துல நிக்கறவங்கள விட்டுட்டு நான் எப்பவாவது வண்டிய எடுத்திருக்கேனா?"

"இவங்க உன்னை விட்டாங்களா?"

"அவங்க டிரைவர் இல்லையே." வாசலைப் பார்த்துக் கையசைத்தார். "ஏறுங்க, ஏறுங்க. உள்ள தள்ளி நில்லுங்க. கதவை மூடப் போறாங்க."

முப்பது பேரும் காலடிச் சத்தம் கேட்காமல் உள்ளே வந்து நெருக்கியடித்து நின்றார்கள். ஸ்வெட்லர் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். "டைரக்டர் ஐயா, விருந்தாளி மரபுன்னு ஒண்ணு இருக்கு" என்று கிசுகிசுத்தார். "இடத்துக்குச் சொந்தக்காரர் செய்யறதத்தான் விருந்தாளியும் செய்யணும். நீங்க சீறினா நாங்களும் சீறுவோம். நீங்க இருமினா நாங்களும் இருமுவோம்."

"நான் எதுக்குங்க இருமப் போறேன்? எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு."

விளக்கு அணைந்தது. திரை விலகியது. பளிங்கு மண்டபத்தில் சீமாட்டி ஒரு கடிதத்தைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அரங்கில் வழக்கமான இருமல் தொடங்கியது. ஆனால் நிற்கும் பகுதியில் ஒரு சத்தமும் இல்லை. முப்பது பேரும் லென்ஸின் தொண்டையைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. வெள்ளை ஏப்ரனும் தொப்பியுமாக லேனி வந்தாள். முழங்காலை மடக்கி வணங்கினாள்.

"வண்டி தயார், சீமாட்டி."

சின்ன வயதில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் கூவிய அதே குரல். இப்போது அதற்குப் பட்டு உடுத்திவிட்டிருந்தார்கள். லென்ஸ் இரு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு பிடிக்கவில்லை. அவர் கைகள் அவரைக் கேட்காமலே எழுந்து, பனியில் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன அந்தப் பெரிய உள்ளங்கைகள் இரண்டும் மோதிக்கொண்டன.

அங்கத்தின் நடுவே அந்த மாளிகையில் கைதட்டினால் குடியுரிமையே போய்விடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. எல்லாத் தலைகளும் திரும்பின. லென்ஸ் தட்டிக்கொண்டே இருந்தார்.

அரசவை ஆலோசகரின் முகத்தில் நாற்பது வருஷமும் ஒரு நொடி போராடின. மரபா, மரபா? இந்தப் பக்கம் ஒரு மரபு, அந்தப் பக்கம் ஒரு மரபு. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் கைதட்டினார். மருந்துக்கடைக்காரர் தட்டினார். பல் டாக்டர் தட்டினார். முப்பது விருந்தாளிகளும் தட்டினார்கள்.

உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிற்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். எதையும் மெச்சாதவர்கள். அவர்களே தட்டுகிறார்கள் என்றால் தங்கள் காதில் ஏதோ விழாமல் போயிருக்கிறது. தெரியாதவன் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் பிடிக்கும்? முன்வரிசை தட்டியது. மேல்மாடம் தட்டியது. "பிராவோ!" என்று ஒரு பெட்டி மாடத்திலிருந்து குரல் வந்தது. சீமாட்டி தனக்குத்தான் என்று நினைத்துக் கடிதத்தோடு குனிந்து வணங்கினாள். இசை நடத்துநர் கோலைக் கீழே வைத்தார், யோசித்தார், கைதட்டல் நிற்கவில்லை என்று கண்டு, தோளைக் குலுக்கிவிட்டுப் பழைய இடத்திலிருந்தே மறுபடி தொடங்கினார்.

லேனி வெளியே போய், திரும்ப உள்ளே வந்து, முழங்காலை மடக்கினாள்.

"வண்டி தயார், சீமாட்டி."

"ரெண்டு வண்டி" என்று முனகினார் லென்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த இடைவேளையில் ஸ்வெட்லரைச் சுற்றி உட்கார்பவர்களின் கூட்டம். "அந்தத் 'தயார்'ல ஒரு தயக்கம் இருந்துச்சு, கவனிச்சீங்களா?" என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "வண்டி தயார். ஆனா சீமாட்டி தயாரா? நாம தயாரா? நாப்பது வருஷமா இந்த வரிக்காகத்தான் நான் காத்திட்டிருந்தேன்." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெண்மணி குறித்துக்கொண்டார்.

நாடகம் முடிந்ததும் சங்கத்தார் வெறுங்கழுத்தோடு பனியில் இறங்கிப் போனார்கள். தொலைத்தோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வுர்ம்பெக்கின் அலமாரி நிறைந்திருந்தது. அவருடைய பிரிவை நிர்வாகம் மூடவில்லை. உதவிக்கு ஓர் ஆளும் போட்டார்கள்.

மேடை வாசலில் லேனி ஒப்பனைகூடக் கலைக்காமல் ஓடி வந்து இருவரையும் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, முதல்ல தட்டினது யாருப்பா? உள்ள எல்லாரும் கேக்கறாங்க!"

"நிக்கறவங்க" என்றார் லென்ஸ். "ரொம்ப விஷயம் தெரிஞ்சவங்களாம்."

"எப்படி இருந்துச்சு?"

"வண்டி நேரத்துக்கு வந்துச்சு" என்றார். மூக்கைச் சிந்தினார்.

ரயில் மலைப் பக்கம் திரும்பியபோதுதான் டிராவ்டி கணவனை நன்றாகப் பார்த்தார். "லென்ஸ், மஃப்ளர் எங்க?"

லென்ஸ் கழுத்தைத் தடவினார். "கம்பிலயே இருக்கு."

"ஐயோ, மறந்துட்டியா?"

"மறக்கல. அவிழ்க்கலாம்னு போனேன். அந்த ஆலோசகர் குறுக்க வந்து நின்னுக்கிட்டாரு. கட்டினது கட்டினதாம், யாரும் தொடக் கூடாதாம். அடுத்த தடவை நாம வர்ற வரைக்கும் அவரே காவலுக்கு நிக்கறாராம்." கோட்டுக் காலரை உயர்த்திக்கொண்டு இருமினார். "நின்னுட்டுப் போறாரு. அவருக்கு அதுதான் தெரியும்."

டிராவ்டி பையைத் திறந்து ஊசிகளையும் புது நூலுண்டையையும் எடுத்தார். இந்த முறை சிவப்பு நிறம். முதல் வரிசைக் கண்ணிகளைப் போட ஆரம்பித்தார்.

"எவ்வளவு நீளம் பின்னப் போற?" என்று லென்ஸ் கவலையோடு கேட்டார்.

"அவளுக்கு ரெண்டாவது வரி குடுக்கற வரைக்கும்" என்றார் டிராவ்டி.